டாவோவில வாக்குப்போட ஆங்கிலமும் போன் வித்தையும் தெரிஞ்சிருக்கவேணுமோ?

சார்வோலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் வடமராட்சிப் பக்கம் ஒரு மாதர் சங்கத்தின்ர செயலாளர். சங்கத்தில 46 பேர். முக்கால்வாசிப் பேருக்குப் பனையோலை வேலைதான் சோறு போடுது: கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, இப்ப கொழும்புக் கடையளுக்குக் கைப்பையும். கொம்பியூட்டர் விசயம் தெரிஞ்ச ஆக்கள் இஞ்ச கனபேர் இருக்கிறியள் எண்டுதான் கேக்கிறன். கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்கோ.

கனடாவிலயும் லண்டனிலயும் பிறந்து வளந்த எங்கட ஊர்ப் பிள்ளையள் போன வருசம் ஊருக்கெண்டு ஒரு டாவோ துடங்கினதுகள். பரவலாக்கப்பட்ட தன்னாட்சி அமைப்பு எண்டு தமிழில எழுதுறவை. தலைவர், பொருளாளர் எண்டு ஒருத்தரும் இல்லை. சேருற காசு பிளொக்செயின் எண்டுற, ஆரும் பாக்கக்கூடிய இணையக் கணக்குப் புத்தகத்தில ஒரு பொதுப் பெட்டியில கிடக்கும். அதில ஒரு சதம் எடுக்கிறதெண்டாலும் உறுப்பினர் வாக்குப்போட வேணும். விதியெல்லாம் ஸ்மார்ட் கொன்ட்ராக்ட் எண்டுற நிரலில எழுதிக்கிடக்கும், ஒருத்தரும் தன்ர எண்ணத்துக்கு மாத்தேலாது.

எனக்கு இது மனசாரப் பிடிச்சிருந்தது. முந்தியும் எங்கட ஊருக்கு வெளிநாட்டுக் காசு வந்ததுதான். எவ்வளவு வந்தது, எங்க போனது எண்டு நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. ஒருக்கா கூட்டத்தில எழும்பிக் கேட்டனான், "கணக்கு ஆம்பிளையள் பாப்பினம், நீர் இரும்" எண்டு சொல்லி இருத்திப் போட்டினம். அதால, ரொறன்ரோவில இருந்து அந்தப் பிள்ளை வீடியோ கோலில பெட்டிக்குள்ள எவ்வளவு இருக்கெண்டு சதம் வரைக்கும் காட்டேக்க, எனக்குக் கண் கலங்கிப்போச்சு. "அன்ரி, இதை நீங்களும் எந்த நேரமும் பாக்கலாம்" எண்டு சொல்லிச்சுது. அந்தச் சொல்லை நம்பித்தான் சங்கத்தில எல்லாரையும் சேரச் சொன்னனான்.

ஊரில இருக்கிற ஆக்களுக்குக் காசு கட்டாமலே ஆளுக்குப் பத்து ரோக்கன். வெளிநாட்டில காசு போட்டவைக்கு ஒரு டொலருக்கு ஒரு ரோக்கன். ரோக்கன் எண்டுறது பிளொக்செயினில பதியிற ஒரு வில்லை மாதிரி; எத்தினை ரோக்கனோ அத்தினை வாக்கு.

இனித்தான் பிரச்சினை. ரோக்கன் வாங்க, அதை வைச்சிருக்கிற வாலட் எண்டுற செயலி ஒண்டைப் போனில இறக்கவேணும். இறக்கினா 12 ஆங்கிலச் சொல்லு வரும்; போன் மாறினா வாலட்டைத் திருப்பித் திறக்க அதுதான் சாவி. அதைக் கடுதாசியில எழுதிவைக்கவேணும், படம் எடுக்கக்கூடாது, ஒருத்தருக்கும் காட்டக்கூடாது. எங்கட சங்கத்தில ஒரு பெரியம்மா, 63 வயசு. அஞ்சாம் வகுப்போட நிப்பாட்டினவ, ஆங்கில எழுத்துத் தெரியாது. எனக்கும் காட்டக்கூடாது எண்டு சொன்னபடியால் திண்ணையில தனிய இருந்து, காலண்டர் ஒற்றையைக் கிழிச்சு, பின்பக்கத்தில அந்தச் சொற்களை எழுதினவ. எழுதினவ எண்டு சொல்லக்கூடாது, கோலம் போடுற மாதிரிப் பாத்துப் பாத்துக் கீறினவ. 12 சொல்லுக்கு முக்கால் மணித்தியாலம். பெட்டி முடையேக்க ஓலையை நகத்தால கிழிக்கிறமாதிரி அவ்வளவு கவனம். கீறி முடிய ஒற்றையை நாலா மடிச்சுச் சாமிப்படத்துக்குப் பின்னால வைச்சவ.

மூண்டு மாசத்தால மகன் போனை மாத்திப்போட்டான். வாலட் போச்சு. அதுக்குப் பிறகுதான் ஒற்றையை எனக்குக் காட்டினவ. பத்துச் சொல் சரியா இருக்கு. ஒண்டு ஹவுஸோ ஹோர்ஸோ தெரியேல்லை. இன்னொண்டு டபிள்யூ, ஐ, என் எண்டு மூண்டு எழுத்து வடிவா இருக்கு, மிச்சம் கசங்கிப்போச்சு.

இது ஒரு ஆள். மொத்தக் கணக்கைச் சொல்லுறன். 46 பேரில 31 பேர் வாலட் இறக்கினவை. ரோக்கனை எடுக்கச் சின்னதாக் காஸ் கட்டணம் எண்டு, பிளொக்செயினில பதியிறதுக்கான கூலி ஒண்டு கட்டவேணுமாம். அதைக் கட்ட இஞ்ச எங்களிட்ட வழி இல்லை, அங்கயிருந்து ஆரோ ஒவ்வொருத்தருக்காப் போட்டுவிடவேணும். அதுக்குக் காத்திருந்து காத்திருந்து 19 பேருக்குத்தான் ரோக்கன் வந்தது. அதிலயும் 11 பேருக்கு, முன்மொழிவு போட்ட நாளுக்குப் பிறகுதான் வந்தது. அவை பொத்தானை அமத்த, "உங்கள் வாக்குப் பலம் பூச்சியம்" எண்டு காட்டிச்சுது. ஏனெண்டு கேட்டா, முன்மொழிவு போட்ட நேரத்தில ஆரிட்ட என்ன இருந்ததோ அதுதான் கணக்காம். ஆக, 46 பேரில வாக்கு விழுந்தது எட்டுப்பேருக்கு.

வாக்கெடுப்பு எதுக்கெண்டா, நாங்கள் கேட்டது ஓலை காயவைக்க ஒரு கொட்டகை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குச் சார்வோலை பூஞ்சணம் பிடிச்சுக் கறுத்துப்போகுது, ரெண்டு மாசம் வருமானம் இல்லை. மற்றது, ஊர் வாசலில பெயர் எழுதின வளைவு. வளைவு வெண்டுட்டுது. தோத்ததுக்காக நான் இதை எழுதேல்லை. பெடியளிட்ட இதைச் சொன்னன். ஒரு தம்பி சொன்னார், "அக்கா, இது ஆருக்கும் திறந்த கதவு. ஒருத்தரையும் நாங்கள் மறிக்கேல்லை. பழகினாச் சரி. பழக ஏலாதவை தங்கட வாக்கைத் தெரிஞ்ச ஆக்களிட்ட ஒப்படைக்கலாம்" எண்டு. கூட்டமும் டிஸ்கோர்ட் எண்டுற இணைய அரட்டைச் செயலியில, ஆங்கிலத்தில, ரொறன்ரோச் சனிக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்கு. இஞ்ச அது ஞாயிறு விடிய நாலரை.

அந்தத் தம்பி கெட்ட மனசோட சொல்லேல்லை. அதுதான் எனக்குப் பதில் சொல்லத் தெரியேல்லை. நான் கேக்கிறது இவ்வளவும்தான்: உண்மையிலயே இந்த வித்தையெல்லாம் ஒவ்வொரு ஆளுக்கும் தெரிஞ்சாத்தான் டாவோ நடக்குமோ? இல்லாட்டி, வேற மாதிரிச் செய்யலாமோ? செய்த ஆக்கள் இருந்தாச் சொல்லுங்கோ.

நெல்லியடிச் சந்தி எழுதியது:

அக்கா, வங்கியில ஒரு கூட்டுக் கணக்குத் திறந்து, வட்ஸ்அப்பில ஒரு குழு வைச்சாப் போதுமே. மாதம் மாதம் வங்கிக் கூற்றைப் படம் எடுத்துப் போட்டா எல்லாரும் பாப்பினம். கிரிப்டோ எண்டு சொல்லி எங்கட சனத்தை ஏமாத்தின கூட்டத்தையும் நாங்கள் பாத்தனாங்கள்தானே. 63 வயசு அம்மாவை ஏன் இதுக்குள்ள இழுக்கவேணும்?

கோண்டாவில் நிரலாளன் எழுதியது:

அக்கா, முதல்ல பெரியம்மாவின்ர சொற்களைப் பாப்பம். மற்றதெல்லாம் பிறகு.

அந்த 12 சொல்லும் 2,048 சொற்கள் உள்ள ஒரு பட்டியலில இருந்துதான் வரும். பிப்-39 எண்டு அதுக்குப் பெயர். எந்த ரெண்டு சொல்லுக்கும் முதல் நாலு எழுத்து ஒண்டா வராதமாதிரித்தான் அதைத் தெரிஞ்செடுத்திருக்கினம். முதல் நாலு எழுத்துத் தெளிவெண்டாப் போதும். உங்களுக்கு ஹவுஸோ ஹோர்ஸோ எண்டுதானே சந்தேகம்? ஹவுஸ் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஹோர்ஸ்தான், குதிரை. மற்றது, டபிள்யூ, ஐ, என் எண்டு துடங்கிற சொல்லு ஏழுதான் இருக்கு: வின், விண்டோ, வைன், விங், விங்க், வின்னர், வின்டர். ஏழையும் ஒவ்வொண்டாப் போட்டுப் பாருங்கோ. 12 சொல்லுக்குள்ள ஒரு சரிபார்ப்பும் ஒளிஞ்சு கிடக்கு, பிழையான சேர்க்கை பதினாறு போட்டா பதினைஞ்சை வாலட்டே ஏற்காது. அதால அஞ்சு நிமிசத்தில பிடிபடும். ஆனா, தயவுசெய்து மற்றப் பத்துச் சொல்லையும் இஞ்ச எழுதாதேங்கோ. தனிச் செய்தியில வந்து "நான் எடுத்துத் தாறன்" எண்டு ஆர் கேட்டாலும், நான் கேட்டாலும், குடுக்காதேங்கோ. எடுத்து முடிய ரோக்கனைப் புது வாலட்டுக்கு மாத்திவிடுங்கோ.

அந்தப் பட்டியல் ஆங்கிலம், யப்பான், கொரிய, சீன, ஸ்பானிய, பிரெஞ்சு, இத்தாலிய, செக், போர்த்துக்கேய மொழிகளில இருக்கு. தமிழில இல்லை. நான் நாலு வருசமாச் சொலிடிற்றி, அதுதான் ஸ்மார்ட் கொன்ட்ராக்ட் எழுதுற நிரல்மொழி, எழுதுறன், பெரியம்மா காலண்டர் ஒற்றையில கீறின கதையை வாசிக்கும்வரைக்கும் இது எனக்கு ஒரு குறையாத் தெரியவே இல்லை.

இனி உங்கட கேள்வி. வித்தை தெரிஞ்சவை தேவைதான், அதில சந்தேகம் இல்லை. 2016 இல "த டாவோ" எண்டு ஒண்டு வந்தது, எதீரியம் எண்டுற பிளொக்செயினில. சுமார் 15 கோடி டொலர் பெறுமதியான ஈதர், அதுதான் எதீரியத்தின்ர நாணயம், சேந்தது. யூன் 17 ஆம் திகதி ஒருத்தர் அதில இருந்து 36 இலட்சம் ஈதரை உருவிப்போட்டார். பூட்டு உடைக்கேல்லை, நிரலில இருந்த பிழையைப் பாவிச்சார். எப்பிடியெண்டா, சங்கத்தில ஆராவது சேமிப்பை மீள எடுக்க வந்தா நீங்கள் என்ன செய்வியள்? கொப்பியில கழிச்சு எழுதிப்போட்டுக் காசைக் குடுப்பியள். அந்த நிரல் காசைக் குடுத்துப்போட்டுப் பிறகு கழிக்கிறமாதிரி எழுதியிருந்தது. குடுக்கிறதுக்கும் கழிக்கிறதுக்கும் இடையில, வந்த ஆள் திருப்பித் திருப்பிக் கையை நீட்ட, அது திருப்பித் திருப்பிக் குடுத்தது. ரெண்டு வரி இடம்மாறிக் கிடந்ததால வந்த வினை. யூலை 20 ஆம் திகதி எதீரியத்தையே ரெண்டாப் பிரிச்சுத்தான் காசை மீட்டவை. பிரிக்கக்கூடாது எண்டு நிண்டவைதான் இண்டைக்கு எதீரியம் கிளாசிக். இப்பிடி ஒரு வரியைக் கண்டுபிடிக்கத் தெரிஞ்ச ஆள் டாவோவுக்குள்ள இருக்கத்தான் வேணும். ஆனா அது நிரல் எழுதுறவரிட்டயும் அதைச் சரிபாக்கிறவரிட்டயும் கேக்கவேண்டிய தகுதி. ஓலை கறுக்குதா இல்லையா எண்டு சொல்லவந்த ஆளிட்ட அதைக் கேக்கத் தேவையில்லை.

செய்யக்கூடியதைச் சொல்லுறன். சங்கத்துக்கெண்டு ஒரே ஒரு கூட்டு வாலட். அஞ்சு பேரிட்டச் சாவி, மூண்டு பேர் ஒப்பினால்தான் அது அசையும். 46 பேரும் தனித்தனி வாலட் வைச்சு அல்லாடத் தேவையில்லை, சங்கக் கூட்டத்தில எடுத்த முடிவை அந்தக் கூட்டு வாலட் போய்ச் சொல்லும். அப்பிடி வேண்டாம், தனித்தனியாத்தான் போடவேணும் எண்டா, 2023 மார்ச்சில இருந்து எதீரியத்தில ஈஆர்சி-4337 எண்டு ஒரு முறை நடைமுறையில இருக்கு. அதில செய்த வாலட்டுக்கு 12 சொல் தேவையில்லாமலே விரலடையாளத்தால திறக்கலாம், போன் துலைஞ்சா முன்னமே நியமிச்ச நாலு நம்பிக்கையான ஆக்கள் சேந்து மீட்டுத் தரலாம், காஸ் கட்டணத்தை டாவோவே கட்டலாம். இஞ்ச மத்திய வங்கி கிரிப்டோ வாங்கக் கடன் அட்டையும் டெபிட் அட்டையும் பாவிக்க விடாதபடியால், கட்டணத்தை உங்கட தலையில போட்டதே பிழை. பூச்சிய வாக்கு விசயம் இன்னும் லேசு: ரோக்கன் எல்லாருக்கும் போய்ச் சேந்த பிறகு முன்மொழிவைப் போட்டிருந்தா வந்தேயிராது. நாள் பாத்துச் செய்யவேண்டிய வேலை, செய்யாமல் விட்டிட்டினம்.

ஓய்வுபெற்ற கூட்டுறவுப் பரிசோதகர் எழுதியது:

மகள், உம்முடைய கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முப்பது வருடத்துக்கு மேலாகக் குடாநாட்டுச் சங்கங்களின் கணக்குப் பார்த்தவன் நான். கணினி எனக்குத் தெரியாது. பேரப்பிள்ளை டாவோவை விளங்கப்படுத்தினான். அதன் பிறகு எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

1911 ஆம் ஆண்டு இலங்கைச் சட்டநிரூபண சபைக்கு முதல்முறையாகச் சிலரை வாக்கால் தெரிவு செய்தார்கள். அதில் ஒன்றுக்குப் "படித்த இலங்கையர்" ஆசனம் என்று பெயர். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு மட்டும் வாக்கு. எங்கள் பொன்னம்பலம் இராமநாதன் அதில் வென்றார். அன்றும் இதைத்தான் சொன்னார்கள்: கதவு திறந்துதான் இருக்கிறது, படித்துவிட்டு வரட்டும் என்று. அதே இராமநாதன் பிறகு, அரசியலமைப்பை மாற்ற வந்த பிரித்தானிய டொனமூர் ஆணைக்குழுவின் முன்னால், எல்லாருக்கும் வாக்குக் கொடுக்கக்கூடாது என்று வாதாடினார். பெரிய மனிதர்தான், கல்விக்குச் செய்தது கொஞ்சமல்ல, ஆனால் அந்த விடயத்தில் அவர் பிழை. ஆணைக்குழு அவர் சொன்னதை ஏற்கவில்லை. 1931 இல் எழுத்தறிவு, சொத்து, ஆண், பெண் என்ற பேதம் பாராமல் இருபத்தொரு வயது வந்த எல்லாருக்கும் வாக்கு வந்தது. (அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் வாலிபர் காங்கிரசின் சொல்லைக் கேட்டுப் பகிஷ்கரித்தது வேறு கதை.) வாசிக்கத் தெரியாதவர் எப்படி வாக்குப் போட்டார் என்று நினைக்கிறீர்? வேட்பாளருக்கு ஒவ்வொரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள். பச்சைப் பெட்டியா, சிவப்புப் பெட்டியா என்று பார்த்துப் போட்டார்கள் எங்கள் பாட்டிமார். பிறகு சின்னம் வந்தது. இன்றைக்கும் வாக்குச் சீட்டில் சின்னம் இருப்பது அவர்களுக்காக ஏற்பட்ட ஒழுங்குதான்.

கூட்டுறவிலும் அப்படியே. இங்கிலாந்தில் ரொச்டேலில் 1844 இல் 28 தொழிலாளர்கள் கடை திறந்தபோது போட்ட வழி, பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. எழுபதுகளில் எங்கள் கள்ளிறக்கும் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தபோது, ஒப்பம் வைக்கத் தெரியாதவர் எத்தனையோ பேர் அங்கத்தவராக வந்தார்கள். கூட்டம் தொடங்கும்போது போன கூட்டத்து அறிக்கையைச் செயலாளர் உரத்து வாசிப்பார். வாசித்து முடியும்வரை பேச்சு மூச்சு இருக்காது. "நான் அப்படிச் சொல்லவில்லை, திருத்து" என்று கையெழுத்துத் தெரியாத மனிதன் எழும்பிச் சொல்வதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். திருத்தித்தான் பெருவிரல் அடையாளம் வாங்குவார்கள்.

ஒப்படைத்த வாக்கைப் பற்றி அந்தத் தம்பி சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. சங்கங்களில் மற்றவரின் பேரால் வாக்களிக்க விட்ட இடமெல்லாம் ஒரே குடும்பம் பத்து வருடம் தலைவராக இருந்ததைப் பார்த்தவன் நான். ஒப்படைக்கத்தான் வேண்டுமானால், எந்த விடயத்துக்கு, எந்தப் பக்கம் என்று கூட்டத்தில் தீர்மானித்து அறிக்கைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும். அந்தக் கூட்டு வாலட்டுக்கும் இதே விதி.

நிரலாளன் தம்பி, அந்த நிரலில் எழுதியிருக்கும் விதிகளை யாராவது தமிழில் எழுதி, இவர்களுக்கு உரத்து வாசித்துக் காட்டினார்களா? துணைவிதி தெரியாத அங்கத்தவரைச் சேர்த்தால் நாங்கள் அந்தச் சங்கத்தைப் பதிவு செய்யமாட்டோம்.

ஸ்காபரோ எழுதியது:

வணக்கம் அன்ரி. நான் உங்கட ஊர் இல்லை. வேற ஒரு ஊருக்கு இப்பிடி டாவோ செய்த நாலு பேரில நானும் ஒருத்தி. எனக்குத் தமிழ் கதைக்க வரும், எழுத வராது. நான் சொல்லச் சொல்ல அம்மா இதைத் தட்டுறா. அவ எழுதினதைத் திருப்பி வாசிச்சுக் காட்டினபிறகுதான் போடச் சொல்லியிருக்கிறன்.

நாங்கள் ஏன் டொலருக்கு ஒரு ரோக்கன் எண்டு வைச்சனாங்கள் எண்டு உண்மையைச் சொல்லுறன். எல்லா டாவோவும் அப்பிடித்தான் செய்யுது, அந்த நிரல் சும்மா கிடைக்குது. அதுக்குமேல நாங்கள் யோசிக்கேல்லை. பெரிய டாவோக்கள் பத்தை எடுத்துப் பாத்து, வாக்குப் பலத்தில 90 வீதம் ஒரு வீதத்துக்கும் குறைஞ்ச ஆக்களிட்ட இருக்கெண்டு செயினலிசிஸ் எண்டுற பிளொக்செயின் ஆய்வு நிறுவனம் 2022 இல எழுதினது. அதை நான் வாசிச்சனான். வாசிச்சும் எங்கட டாவோவுக்கு அதையே வைச்சனாங்கள். அன்ரி, உங்கட 46 பேரும் சரியா வாக்குப் போட்டிருந்தாலும் 460 ரோக்கன்தான். ஆயிரம் டொலர் போட்ட ஒரு ஆள் உங்கள் எல்லாரையும் விடக் கூட. ஆங்கிலமும் போனும் மட்டும் பிரச்சினை எண்டு நினைச்சு இதை விட்டிடாதேங்கோ.

சின்னக் காசுக்காரர் அடிபடுறது வெளிநாட்டிலயும் நடக்குது. 2021 நவம்பரில அமெரிக்க அரசியலமைப்பின்ர பழைய அச்சுப் பிரதி ஒண்டை ஏலத்தில எடுக்க கொன்ஸ்ரிரியூசன் டாவோ எண்டு ஒண்டு கிளம்பி, ஒரு கிழமையில 4 கோடி 70 இலட்சம் டொலர் சேத்தது. 17 ஆயிரத்துக்கு மேல ஆக்கள், சரி நடுவில நிக்கிற ஆள் போட்டது 206 டொலர். ஏலத்தில தோத்து, காசைத் திருப்பிக் குடுக்கேக்க, அம்பது டொலர், நூறு டொலர் போட்டவைக்குப் போட்டதின்ர பெரிய பங்கைக் காஸ் கட்டணம் திண்டுபோட்டுது. எடுக்கிறதுக்கே நட்டம் எண்டு விட்டவையும் இருக்கினம்.

கூட்ட நேரத்தைப் பற்றி நீங்கள் எழுதினதை அம்மா வாசிக்கேக்க எனக்கு வெக்கமாப் போச்சு. நாங்களும் சனிக்கிழமை பின்னேரம்தான் வைக்கிறனாங்கள். இஞ்ச காலமை ஒன்பது மணிக்கு வைச்சா உங்களுக்குப் பின்னேரம் ஆறரை. அதை மாத்திறதுக்கு ஒரு நிரலும் தேவையில்லை.

சார்வோலை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதில் போடக் கொஞ்சம் பிந்திப்போச்சு, வேலை இருந்தது.

முதல்ல பெரியம்மா. நானும் அவவும் விளக்கேத்தின பிறகு அறைக் கதவைச் சாத்திப்போட்டு இருந்து, ஏழு சொல்லையும் போட்டுப் பாத்தம். கடைசியாப் போட்ட சொல்லில வாலட் திறந்துட்டுது. பத்து ரோக்கனும் அப்பிடியே கிடக்கு. குதிரை எண்டு சொன்னவுடன, "குதிரையோ கீறினனான்?" எண்டு கேட்டு அந்தச் சொல்லை விரலால தடவித் தடவிப் பாத்தவ. இப்ப ஆங்கிலத்தில ஒரு சொல்லு அவவுக்குத் தெரியும். நிரலாளன் தம்பி சொன்னமாதிரிப் புது வாலட்டுக்கு மாத்தியாச்சு.

நெல்லியடித் தம்பி, நீங்கள் சொல்லுறது நியாயம்தான், ஏமாத்தின ஆக்களை நாங்களும் அறிவம். ஆனா வங்கிக் கூற்றைப் படம் எடுத்துப் போடுறதும் விடுறதும் கணக்கு வைச்சிருக்கிற ஆளின்ர விருப்பம். முந்தியும் எங்களுக்கு வங்கிக் கணக்கு இருந்தது. இதில பெட்டியை ஒருத்தரையும் கேக்காமல் நான் பாக்கிறன். அதை விட எனக்கு மனமில்லை. காசு ஊருக்கு வரேக்க எப்பிடியும் வங்கியாலதான் வருது, அதில ஒரு பிரச்சினையும் இல்லை.

ஐயா, நீங்கள் எழுதினதை அச்சடிச்சுக்கொண்டுபோய்ச் சனசமூக நிலையத்தில வாசிச்சுக் காட்டினன். நிறப் பெட்டிக் கதைக்கு ரெண்டு ஆச்சிமார் தங்கட தாய்மார் சொன்னதாத் தலையாட்டினவை. விதிகளைத் தமிழில வாசிச்சுக் காட்டினவையோ எண்டு கேட்டியள். இல்லை. நானும் கேக்கேல்லை, அது என்ர பிழை. செயலாளர் எண்டு இருந்துகொண்டு துணைவிதியை வாசிக்காமல் 46 பேரைச் சேத்திருக்கிறன்.

போன ஞாயிறு கூட்டம் வைச்சம். 38 பேர் வந்தவை. கை உயர்த்தி மூண்டு முடிவு எடுத்து, அறிக்கைப் புத்தகத்தில எழுதி, ஒப்பமும் பெருவிரலும் வாங்கி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து டாவோவுக்கு முன்மொழிவா அனுப்பினன். ஸ்காபரோப் பிள்ளை ஆங்கிலத்தில மாத்தித் தந்தது. தாயும் மகளும் கோலில இருந்து ஒவ்வொரு வரியா எனக்குத் திருப்பிச் சொன்னவை, மெத்தப் பெரிய உதவி.

சங்கத்துக்கு ஒரு கூட்டு வாலட், அஞ்சு சாவி, மூண்டு ஒப்பம், அந்த அஞ்சு பேரில ஒராள் ஆங்கிலம் தெரியாத ஆளா இருக்கவேணும். அது ஒண்டு. ரெண்டாவது, ரோக்கன் போய்ச் சேந்து பதினாலு நாளைக்குப் பிறகுதான் வாக்கெடுப்பு, அதுவும் ஏழு நாளுக்குக் குறையாமல் திறந்திருக்கவேணும், முன்மொழிவு தமிழில குரல் பதிவா எங்களுக்கு வரவேணும். மூண்டாவதுதான் பெரிய இழுபறி. ஊருக்குள்ள கட்டுற எதுக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு எண்டு கேட்டிருக்கிறம், ரோக்கன் கணக்கு இல்லை. இதுக்கு அங்க ரெண்டு பேர் எதிர்ப்பு. ஒருத்தர், காசு போட்டவனுக்கு என்ன மரியாதை எண்டு எழுதியிருக்கிறார். அவர் போட்ட ரெண்டாயிரம் டொலர் அவர் ராவேலை செய்து சேத்த காசு எண்டு எனக்குத் தெரியும். அவருக்குத் தனிய ஒரு குரல் பதிவு அனுப்பினன், கறுத்துப்போன ஓலையின்ர படத்தோட. கேட்டிட்டார் எண்டு ரெண்டு நீலக்கோடு காட்டுது, பதில் வரேல்லை.

ஒரு தம்பி கேட்டார், ஆளுக்கு ஒரு வாக்கெண்டா ஒருத்தரே பத்து வாலட் திறந்து பத்து ஆள் மாதிரிப் போட்டா என்ன செய்வியள் எண்டு. நல்ல கேள்வி. வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்கு அதை எப்பிடிச் செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை, தெரிஞ்சவை சொல்லுங்கோ. ஊருக்குள்ள எங்களுக்கு அது கஷ்டமில்லை. ஆர் ஆரெண்டு எல்லாருக்கும் தெரியும், கூட்டத்துக்கு வந்து முன்னால இருக்கிறவை.

நிரலாளன் தம்பி, ஒரு உதவி. கூட்டு வாலட்டின்ர அஞ்சு சாவியையும் நீங்கள் பக்கத்தில இருந்து செய்துதரவேணும், போனில சொல்லிச் செய்ய எனக்குப் பயமாக் கிடக்கு. வாற ஞாயிறு பின்னேரம் மூண்டு மணிக்கு ஆக்களை வரச்சொல்லியிருக்கிறன். கோண்டாவிலில இருந்து பஸ்ஸில வந்து சந்தியில இறங்கினா மகன் வந்து கூட்டிக்கொண்டு வருவான். சனசமூக நிலையத்தில கறண்ட் ஒரு பிளக்தான், முடிஞ்சா ஒரு நீட்டு வயர் கொண்டுவாங்கோ. பெரியம்மாவும் ஒரு சாவிக்காரி. தனக்கு விரலடையாளம் வேண்டாமாம், ஓலை கிழிச்சுக் கிழிச்சு ரேகை தேஞ்சுபோச்சு, போன் பிடிக்குதில்லையாம். அதுக்கு என்ன செய்யலாம் எண்டு வர முன்னம் யோசிச்சுக்கொண்டு வாங்கோ.